ஏழாம் எண் பதில்

பிப்ரவரி 9

சின்னவளுக்கு,

உன் பள்ளி நூலகப் பெட்டியில் பிள்ளைகள் போட்ட சந்தேகங்களோடு இந்த மாதக் கேள்வித்தாள் வந்து சேர்ந்தது. பதினோரு கேள்விகள். அதில் எட்டு போன வருடமும் வந்தவை, அதற்கு முந்தின வருடமும் வந்தவை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வருடா வருடம் புதிதாக வந்துகொண்டே இருக்கிறார்கள். பதில் சொல்கிறவள்தான் பழசாகிக்கொண்டே போகிறாள். ‘ஒரு பக்க மார்பு மட்டும் பெரிதாக இருக்கிறதே’ என்பதற்கு நூறாவது தடவையாக ‘இரண்டும் ஒரே வேகத்தில் வளர வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் வித்தியாசம் எல்லாருக்கும் உண்டு’ என்று எழுதும்போது கை பாட்டுக்கு எழுதுகிறது, நான் அடுப்பில் வைத்த பாலை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் எண் ஏற்பாடு. அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களை ஒன்றிலிருந்து பத்தொன்பது வரை எண் போட்டு, தட்டச்சு செய்து போன மாதம் உனக்கு அனுப்பினேன் அல்லவா? இனிமேல் எண்ணை மட்டும் எழுதுவேன். நீ அந்தத் தாளை எடுத்து நூலகத்து வாசல் பலகையில் குத்திவிட்டால் போதும். அரைத்த மாவையே அரைக்க எனக்குத் தெம்பில்லை. பகல் முழுக்க கிளினிக்கில் ஒற்றை ஆளாக நின்றுவிட்டு வந்து ராத்திரி இதற்கு உட்காருகிறேன்.

இந்த முறை: முதல் கேள்வி (தூக்கத்தில் உடை நனைந்துவிடுகிறது, இது வியாதியா) – பதில் மூன்று. இரண்டு (வெள்ளைப்படுவதால் உடம்பு கரைந்துபோகுமா) – பதில் பதினொன்று. மூன்று, நான்கு – பதில் ஒன்று. ஐந்து (மாதவிடாய் பல மாதம் வராமல் இருந்து திடீரென்று வந்தால் ஏதாவது தப்பா) – பதில் ஏழு. ஆறு, ஏழு, எட்டு – பதில் பதினாறு. பத்துக்கும் பதினொன்றுக்கும் தனித்தாள் வைத்திருக்கிறேன். ஒன்பதாவதற்கு மட்டும் உட்கார்ந்து நிதானமாக எழுதினேன். ‘குரல் உடைந்துவிட்டது, பாட்டுப் போட்டிக்குள் ஒட்டிவிடுமா’ என்று கேட்டிருக்கிறதே, அந்தப் பிள்ளையை நினைத்து இரண்டு நாள் சிரித்தேன். போட்டிக்குள் ஒட்டாது என்று சொல்வதற்குத்தான் மனசு வரவில்லை.

எல்லாக் கேள்வியையும் நீ உன் கையால் பிரதி எடுத்து அனுப்புகிறாய். நான் அந்தப் பள்ளியில் ஆறு வருடம் ஊசி போட்டவள், கையெழுத்தைப் பார்த்தே பிள்ளை யாரென்று சொல்லிவிடுவேன் என்று தலைமையாசிரியையிடம் சொல்லி இந்த விதியைக் கொண்டுவந்தது நீதான். பெட்டியைத் திறப்பது நீ, சீட்டைக் கிழிப்பது நீ. எனக்குக் கோபமில்லை. ஆனால் கூடப்பிறந்த அக்காவுக்கு ‘நீங்கள்’ போட்டு எழுதுகிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்கா


பிப்ரவரி 22

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

பதில்கள் வந்தன. பலகையில் குத்தியாயிற்று.

எண் ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் அந்தப் பலகையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நீங்கள் ஒரு நாளாவது வந்து பார்க்க வேண்டும். புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் போல நிற்பார்கள், கையில் புத்தகமே இருக்காது. செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து கீழ்வரியைப் படிப்பார்கள். பத்து நாள் தைரியம் சேர்த்து ஒரு சீட்டு எழுதிப் போட்டுவிட்டு வந்து பார்த்தால், எல்லாருக்கும் பொதுவாக அடித்துவைத்த ஒரு தாள் தொங்குகிறது. அந்த முகங்களை நான் பார்க்கிறேன். நீங்கள் எட்டு மணி நேரம் தள்ளி உட்கார்ந்து எண் போடுகிறீர்கள்.

அடுத்து, கையெழுத்து விஷயம். கோபமில்லை என்று எழுதியதிலிருந்தே கோபம் என்று தெரிந்துகொண்டேன். விதியை மாற்றுவதாக இல்லை. ‘நீங்கள் யாரென்று யாருக்கும் தெரியாது’ என்று பெட்டியின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறோம், அதைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு. உங்கள் வாயைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்குத் தலைமையாசிரியைக்குத் தெரியாது.

பதில் ஏழை எடுத்து முழுவதும் படித்தேன். ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்பது மூன்று இடத்தில் வருகிறது. ஒரு இடம் போதும். மற்றபடி தெளிவாகத்தான் இருக்கிறது.

நூலக எழுத்தர்


ஜூன் 3

சின்னவளுக்கு,

மூன்று மாதமாகக் கேள்வித்தாளைத் தவிர உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அதிலும் போன தாளில் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. உடம்புக்கு ஏதாவதா? கண்ணாடியை மாற்ற வேண்டுமோ என்னவோ.

இங்கே வழக்கம்போலத்தான். எடை பார்க்கிற இயந்திரம் இரண்டு கிலோ கூட்டிக் காட்டுகிறது, வருகிறவர்கள் எல்லாரும் என்னைத்தான் முறைக்கிறார்கள். பழுது பார்க்க எழுதிப் போட்டு ஐந்து மாதம் ஆகிறது. நானே காகிதத்தில் ‘இரண்டைக் கழித்துக்கொள்ளவும்’ என்று எழுதி அதன் மேல் ஒட்டிவிட்டேன். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். அதற்குள் என் முட்டி ஓய்வு பெற்றுவிடும் போலிருக்கிறது.

உனக்கு ஒன்று எழுத வேண்டும் என்று நாலு தடவை உட்கார்ந்து நாலு தடவை எழுந்துவிட்டேன். இன்று எழுதிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு முன்னால் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் சொன்னேனே, அதைத்தான். உன் மாமியார் அன்று உட்கார்ந்ததிலிருந்து உன்னைக் குத்திக்கொண்டே இருந்தார். ‘அஞ்சு வருஷமாச்சு, ஒரு நல்ல சேதி காணோம்’ என்று என் பிள்ளை முன்னாலேயே சொன்னார். நீ தலையைக் குனிந்துகொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. ‘அவளை நச்சரிக்காதீங்க, மூணு மாசமா டாக்டர்கிட்டதான் போய்ட்டு வந்துட்டு இருக்கா’ என்று சொல்லிவிட்டேன். உனக்காகப் பேசுகிறேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மன்னிப்புக் கேட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், விளக்கம் சொன்னேனே தவிர மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது.

நீங்கள் சொன்னதற்குப் பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியிலேயே, ஓடுகிற பஸ்ஸில் எல்லாரும் கேட்க, ‘அப்ப கோளாறு உன்கிட்டதான்’ என்றார் மாமியார். அதிலிருந்து அவர் சாகும்வரை பதினோரு வருடம் யார் வீட்டுக்கு வந்தாலும் என்னை அறிமுகம் செய்கிற விதமே அதுதான். ‘மருமக, உடம்பு சரியில்லாதவ.’ சிகிச்சையையும் நிறுத்தினேன். எந்தத் தேதியில் போகிறேன், எப்போது வருகிறேன் என்று ஒரு வீடே கணக்கெடுக்கும்போது எப்படிப் போவது? டாக்டர் இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்த ஆறு மாதத்தில் ஏதாவது ஆகியிருக்குமா, ஆகியிருக்காதா, தெரியாது. அது தெரியாமல் போனதுதான் என் கஷ்டம்.

நல்லதுக்காகத்தான் சொன்னீர்கள் என்று எனக்கும் தெரியும். கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் உங்களை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மன்னிப்பு விஷயத்தை இப்போது பேச எனக்குத் தெம்பில்லை. கிடக்கட்டும்.

கேள்வித்தாள் இத்துடன் இருக்கிறது, ஒன்பது கேள்விகள். முத்தம் கொடுத்தால் குழந்தை உண்டாகுமா என்பது இந்த முறையும் இருக்கிறது. தன்னைத்தானே தொட்டுக்கொள்வதால் கண் பார்வை போகுமா, ஞாபக சக்தி போகுமா என்றும் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. பரீட்சை நெருங்குகிறது போல. கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் கவனித்துப் பதில் எழுதுங்கள். பிப்ரவரியில் பதில் ஏழு கொடுத்தீர்களே, அந்தக் கேள்வியைக் கேட்டவர் மறுபடி கேட்டிருக்கிறார். ‘அப்போது வந்தது இன்னும் முழுதாக நிற்கவில்லை. நிறையப் போவதில்லை, கறை மாதிரிதான், விட்டு விட்டு. இதுவும் பதில் ஏழுதானா?’

நூலக எழுத்தர்


ஜூலை 8

சின்னவளுக்கு,

மற்ற பதில்களை நாளை அனுப்புகிறேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே எழுதுகிறேன், இன்றைய தபாலிலேயே போக வேண்டும்.

அது பதில் ஏழு கிடையாது. ஆறு மாதமாக விட்டு விட்டுக் கறை படுகிறது என்றால் சின்னப் பிள்ளையாக இருந்தாலும் ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சரிசெய்யக் கூடியதாகத்தான் இருக்கும், ஆனால் பலகையில் தாள் குத்தித் தீர்க்கிற விஷயமில்லை. பலகையில் இப்படிப் போடு: ‘இந்தக் கேள்வியைக் கேட்டவர் நூலகத்தில் அம்மாவிடம் தனியாக வந்து சொல்லலாம், வேறு யாருக்கும் தெரியாது.’ அம்மா என்று நான் எழுதியது உன்னைத்தான், பிள்ளைகள் அப்படித்தானே உன்னைக் கூப்பிடுகிறார்கள்? வந்தால் நீயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. வீட்டில் சொல்லப் பயம் என்றால் தலைமையாசிரியை பேசுவார்.

ஒரு விஷயம் தெரிந்தே ஆக வேண்டும். என்ன வயது? எந்த வகுப்பு? பெயர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், உன் விதியை நீயே வைத்துக்கொள். வயது மட்டும் சொல். பத்து வயதா பதினேழு வயதா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறிவிடும். பிள்ளை பெரிய எழுத்தில் எழுதியிருந்ததா, சின்ன எழுத்திலா என்றாவது சொல்லேன்.

அக்கா


ஜூலை 20

அக்கா,

வயது ஐம்பத்தொன்று.

இரண்டு நாளாக இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மேலே ஒரு வரிக்கு மேல் ஓடவில்லை. இப்போது நூலகத்தில் யாரும் இல்லை, மழையில் விளையாட்டு வகுப்பு நின்றுபோய் எல்லாரையும் கூடத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். எழுதிவிடுகிறேன்.

எனக்கு நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஜனவரியில் ஒரு நாள் கறை. யாரிடம் கேட்பது? உன்னிடம் கேட்கலாம், நீ நர்ஸ், ஆனால் உன்னிடம் சொன்னால் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அந்த மாதம் பெட்டியிலிருந்து எடுத்த சீட்டுகளைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாக் கேள்வியும் என் கையெழுத்தில்தானே வருகிறது, கூட ஒன்று எழுதினால் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. ஐந்தாவதாக எழுதினேன். எழுதும்போது எதற்கோ வெட்கமாக இருந்தது, ஒரு திருட்டு சந்தோஷமும் இருந்தது. இருபது வருடம் கழித்து உன்னிடம் ஒன்று கேட்கிறேன், உனக்கே தெரியாமல் கேட்கிறேன் என்று.

பதில் வந்தது, ஏழு என்று. தாளை எடுத்துப் படித்தேன். ‘மாதவிடாய் சில மாதம் வராமல் இருந்துவிட்டு வரும். உடம்பு இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.’ பிள்ளைகளுக்கு எழுதியது என்று எனக்குத் தெரியாதா? படிக்கத் தெரிந்தவள்தான், முப்பது வருடமாகப் புத்தகத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் என் உடம்பும் நின்றுபோவதற்குப் பழகிக்கொண்டிருக்கிறது போல என்று நானே எனக்கு ஒரு அர்த்தம் சொல்லிக்கொண்டேன். அக்கா சொல்லிவிட்டாள், மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். நம்பினேன் என்பதைவிட, நம்பிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உன்மேல் பழி போடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், பரீட்சை வேலை முடியட்டும். என் வீட்டுக்காரருக்கு இது தெரியாது. அவரிடம் சொல்லாதே. <u>அவரிடம் சொல்லாதே</u>, அக்கா. மறுபடியும் என் உடம்பைப் பற்றி என்னைத் தவிர எல்லாரும் பேசுகிற வீட்டில் என்னால் இருக்க முடியாது.

சின்னவள்


ஜூலை 24

சின்னவளுக்கு,

போன் நாலு தடவை செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. எடுக்க மாட்டாய் என்று தெரிந்துதான் செய்தேன்.

முப்பத்தாறு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். கேட்கிறவருக்கு என்ன வயது என்று முதலில் கேள் என்பதுதான் எங்களுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்தது. நான் கேட்கவில்லை. பெட்டி பள்ளியில் இருக்கிறது, பிள்ளைகளைத் தவிர யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு எண்ணை எழுதிப் போட்டுவிட்டுப் பாலை இறக்கப் போனேன். அந்தத் தாளில் எந்த வயதுக்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. என் சோம்பேறித்தனத்துக்கு நானே எண் போட்டுத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். பத்தொன்பது தாளையும் இன்று கிழித்துவிட்டேன். உன்னிடம் இருப்பதையும் கிழி. இனிமேல் சீட்டின் மேலே வயதை எழுதச் சொல்லிப் பெட்டியில் ஒட்டு.

இப்போது நான் சொல்வதை நர்ஸ் சொல்வதாகக் கேள். மாதவிடாய் முழுதாக ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு சொட்டு வந்தாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு விதிவிலக்கு கிடையாது. பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றும் பெரிதாக இருக்காது. அந்த ஒருவர் நீயா இல்லையா என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஸ்கேன் எடுப்பார்கள். உள்ளேயிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள், அடிவயிற்றைப் பிடித்து இழுக்கிற மாதிரி சில நிமிடம் வலிக்கும், அவ்வளவுதான். பரீட்சை வேலை முடியட்டும் என்று எழுதியிருக்கிறாயே. பரீட்சையை நீயா எழுதப்போகிறாய்?

இங்கே தடுப்பூசி வாரம், நான் ஒரே ஆள், என்னால் இப்போது கிளம்பி வர முடியாது. வந்தாலும் நீ கதவைத் திறக்க மாட்டாய்.

உன் வீட்டுக்காரரிடம் சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுக்கிறேன். ஆனால் மூன்று வாரத்துக்குள் போய்விட்டு வந்து எனக்கு எழுது. எழுதாவிட்டால் என்ன செய்வேன் என்று இந்த வரியில் சொல்ல வேண்டும். மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன், எனக்கே தெரியவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்கா,

தாமதத்துக்குக் காரணம், முடிவு கையில் வராமல் எழுதப் பிடிக்கவில்லை.

இரண்டாம் தேதி போனேன். டோக்கன் கொடுக்கிற இடத்தில் இருந்த பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ‘என்ன பிரச்சினைம்மா? சத்தமா சொல்லுங்க, கேக்கலை’ என்றாள். பின்னால் முப்பது பேர். எத்தனை வருடமாகப் பிள்ளைகளின் கேள்வியைப் பிரதி எடுக்கிறேன், மார்பு, விந்து, மாதவிடாய் எல்லாவற்றையும் கை கூசாமல் எழுதுகிறேன். அங்கே நின்று வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கடைசியில் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து எழுதி உள்ளே தள்ளினேன். அவள் படித்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல், ‘எட்டாம் ரூம்’ என்றாள்.

நீ சொன்ன மாதிரிதான் வலித்தது. சில நிமிடத்தைவிடக் கொஞ்சம் கூட.

பதினாறாம் தேதி முடிவு சொன்னார்கள். கர்ப்பப்பையின் உள்பக்கத்தில் புற்று. ஆரம்பத்தில் இருக்கிறது, வெளியே பரவியிருக்காது என்று நினைக்கிறார்கள், எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். செப்டம்பர் ஐந்தாம் தேதி ஆபரேஷன். டாக்டர் சின்னப் பெண், நம் பள்ளிப் பிள்ளைகளைப் போல வகிடு கோணலாக எடுத்திருந்தாள். ‘ஏம்மா இத்தனை மாசம் வரலை?’ என்று கேட்டாள். ‘பயப்பட ஒண்ணுமில்லைன்னு ஒருத்தங்க சொன்னாங்க’ என்றேன். ‘யாரு சொன்னது?’ என்றாள், கோபமாக. ‘ஞாபகம் இல்லை’ என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். அவர் ஹோட்டல் சலவைக்கூடத்திலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘கறை விஷயம் எனக்குத் தெரியும்’ என்றார். ‘ஊரார் படுத்த விரிப்பை எல்லாம் துவைக்கிறவன். நம்ம வீட்டு விரிப்பு எனக்குத் தெரியாதா? நீ தனியா ஊறவெச்சு அலசிப் போட்டா மட்டும் தெரியாமப் போயிடுமா?’ ‘அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?’ என்றேன். ‘கேட்டா உனக்குப் பிடிக்காது. எங்க அம்மா கேட்டுக் கேட்டு உன்னை என்ன பாடு படுத்தினாங்கன்னு பார்த்தவன்தானே. உங்க அக்காவுக்காவது தெரியும்னு நெனச்சேன். மாசா மாசம் லெட்டர் போகுதே, அவங்க நர்ஸு, அவங்க பாத்துப்பாங்கன்னு விட்டுட்டேன்.’

இரண்டு பேரும் உன்னை நம்பி உட்கார்ந்திருக்கிறோம், உனக்குத்தான் ஒன்றும் தெரியாது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கேள்வித்தாள் வைத்திருக்கிறேன், பதினான்கு. மேலே வயது இருக்கிறது. எனக்கு என்ன ஆனாலும் பிள்ளைகள் பலகைக்கு வந்து நிற்பார்கள், சீக்கிரம் அனுப்பு.

சின்னவள்


ஆகஸ்ட் 23

சின்னவளுக்கு,

பதினான்குக்கும் பதில் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறேன், கை வலிக்கிறது, நல்லதுதான். பதினாறு வயது என்று எழுதிய பெண், இருவரும் சம்மதித்தால் போதாதா, ஆணுறை எதற்கு என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். சம்மதம் வேறு, கர்ப்பமும் நோயும் வேறு, வயதும் சட்டமும் வேறு என்று பிரித்துப் பிரித்து. ‘நீ தயாராக இல்லை என்றால் வேண்டாம் என்று சொல்ல யாரிடமும் காரணம் காட்ட வேண்டியதில்லை’ என்று முடித்தேன். தலைமையாசிரியை கிழித்துவிடாமல் பார்த்துக்கொள்.

முடிவைப் படித்தேன். ஆரம்பம் என்றால் ஆரம்பம்தான், அந்த வார்த்தையை அவர்கள் லேசில் சொல்ல மாட்டார்கள். இதற்கு மேல் நர்ஸாக எதுவும் எழுத மாட்டேன்.

உன் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மறைத்துவிட்டு வந்து உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார என்னால் முடியாது.

மூன்று வாரம் பதினான்காம் தேதியோடு முடிந்தது. உன்னிடமிருந்து கடிதம் இல்லை. பதினைந்தாம் தேதி உன் வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். ஸ்டாம்ப் ஒட்டினேன். தபால் பெட்டி எங்கள் கிளினிக்குக்கு எதிரிலேயே இருக்கிறது, ஐந்து நாள் போகும்போதும் வரும்போதும் அதன் முன்னால் நின்றேன். ஒரு நாள் பாதி உள்ளே தள்ளி வெளியே இழுத்தேன், பின்னால் நின்றவர் ‘என்னம்மா, போடுறீங்களா இல்லையா?’ என்றார். போடவில்லை. இருபத்தொன்றாம் தேதி உன் கடிதம் வந்துவிட்டது. அது இன்னும் என் பையில்தான் கிடக்கிறது.

வாக்கைக் காப்பாற்றினேன் என்று நினைத்துவிடாதே. பயந்தேன், அவ்வளவுதான். போட்டால் நீ என்னோடு சாகும்வரை பேச மாட்டாய் என்று பயந்தேன். நோயாளி வேறு யாராவதாக இருந்திருந்தால் முதல் நாளே ஆள் அனுப்பி இழுத்துக்கொண்டு போகச் சொல்லியிருப்பேன். என் தங்கை என்பதால் உன் உயிரைவிட உன் பேச்சு பெரிதாகிவிட்டது எனக்கு. முன்பு பேசித் தப்புச் செய்தேன், இப்போது பேசாமல் தப்புச் செய்தேன். எது எப்போது என்று எனக்கு இந்த வயதிலும் பிடிபடவில்லை.

லீவு கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்குவேன். வர வேண்டாம் என்றால் அதற்குள் ஒரு வரி எழுது, திரும்பிப் போய்விடுகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 27

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துக் கொஞ்ச நேரம் சிரித்தேன், அப்புறம் அழுதேன். அவர் இரண்டையும் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நீ அதைப் போட்டிருக்க வேண்டும்.

ஜூலையில் உனக்கு எழுதியபோது ‘அவரிடம் சொல்லாதே’ என்று இரண்டு தடவை எழுதி, அடிக்கோடும் போட்டேன். ஏன் என்று நீ யோசிக்கவே இல்லையா? சொல்லிவிடுவாய் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். எதை யாரிடம் சொல்லக்கூடாதோ அதைச் சரியாக அவரிடம் கொண்டுபோய்க் கொட்டுகிறவள் நீ. உனக்கு எழுதிவிட்டால் ஒரு வாரத்தில் அவர் வந்து ‘கிளம்பு ஆஸ்பத்திரிக்கு’ என்பார், உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நான் கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். நானாகப் போகிற தைரியம் எனக்கு இல்லை, அக்கா. யாராவது என் சம்மதம் கேட்காமல் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதற்கு உன்னை விட்டால் ஆள் கிடையாது.

சொல்ல மாட்டேன் என்று நீ வாக்குக் கொடுத்த கடிதம் வந்தபோதும் நம்பவில்லை. இவளாவது, வாயை மூடிக்கொண்டு இருப்பதாவது என்று நினைத்தேன். தினமும் அவர் வேலை விட்டு வரும்போது வாசலில் நின்று முகத்தைப் பார்ப்பேன். சாப்பிடுவார், செய்தி கேட்பார், படுத்துவிடுவார். ஐந்து நாள் அப்படிப் பார்த்துவிட்டு, ஆறாவது நாள் உன்மேல் வந்த கோபத்தில்தான் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகப் போனேன். இருபது வருடமாக உன்னை வாயை அடக்கச் சொன்னேன். நீ அடக்கக் கற்றுக்கொண்ட நேரத்தைப் பார்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு அவர் பஸ் நிலையத்தில் நிற்பார். உன் படுக்கையை என் அறையிலேயே போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். எவ்வளவு பரவியிருக்கிறது, எடுத்த பிறகு என்ன செய்வார்கள், எத்தனை வருடம் இருப்பேன், எதையும் நான் இன்னும் கேட்கவில்லை. அந்தச் சின்னப் பெண் முன்னால் உட்கார்ந்தால் சரி, சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். நீ கேள். கதவு திறந்திருந்தாலும், வெளியே வரிசையில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் கேட்டாலும் பரவாயில்லை. சத்தமாகவே கேள்.

சின்னவள்